இறக்கை நமது, இருதயம் யாருடையது?

ஒண்டியாகப் பிரயாணம் புறப்படுகிறவனைக் கண்டால் நம் ஜனங்களுக்கு உண்டாகிற கவலை சொல்லி முடியாது. நாற்பது பேர் ஒரு பஸ்ஸில் அடைந்துகொண்டு, பாதி வழி சண்டையிலும் மீதி வழி தூக்கத்திலுமாகப் போனால், அதற்குப் பெயர் உல்லாஸ யாத்திரை. ஒருவன் மட்டும் தனியாகப் போனால், வீட்டில் ஏதோ மனஸ்தாபம் என்று தெருவே தீர்மானித்துவிடுகிறது. நெல்லித்தோப்பும் இந்த விதிக்கு விலக்கல்ல. விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோது எதிர் வீட்டுப் பெரியவர் வந்து விசாரித்தார்.

"எந்த ஊர்க் கோயிலுக்குத் தம்பி?"

"கோயிலுக்கு இல்லை, ஐயா. பெங்களூருக்கு. ஆகாய விமானம் பார்க்கப் போகிறேன்."

"விமானம் பார்க்க எதற்குப் பெங்களூர்? மொட்டை மாடியில் நின்றால் தலைக்கு மேலேதான் போகிறதே!"

பெரியவர் சொன்னது நியாயமே. ஆனால் தலைக்கு மேலே போகிற விமானம் தன் வயிற்றை மட்டுமே நமக்குக் காட்டுகிறது. ஓய்ந்துபோய்த் தரையில் நின்றுவிட்ட விமானந்தான் தன் இருதயத்தைக் காட்டும். அப்படி ஓய்ந்த விமானங்களைச் சேர்த்துவைத்த காட்சிசாலை ஒன்று பெங்களூரில் இருக்கிறது. ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் கம்பெனியார் 2001-ம் வருஷத்தில் நாலு ஏக்கர் நிலத்தில் அதை அமைத்தார்கள். நெல்லித்தோப்பிலிருந்து சாலை வழியே ஏறக்குறைய 300 கிலோமீட்டர்.

தனிப் பிரயாணத்தில் ஒரு லாபம் உண்டு. பேச்சுத் துணை இல்லாதவனுக்கு வண்டியின் எஞ்சினே பேச்சுத் துணை. முதல் பத்து மைலுக்கு அது வெறும் இரைச்சலாக இருக்கிறது. பிறகு அதில் தாளம் தெரிகிறது. மேடேறும்போது அது பெருமூச்சு விடுவதும், இறக்கத்தில் நிம்மதி அடைவதும் காதுக்குப் பிடிபடுகின்றன. நாள் முழுவதும் இந்த ஸங்கீதத்தைக் கேட்டுக்கொண்டு போகிறவனுக்கு, போய்ச் சேர்ந்த இடத்திலும் எஞ்சின் நினைவே மேலோங்கியிருப்பதில் ஆச்சரியம் இல்லை.

வண்டியின் ஜாதகம்

நான் ஏறிச் சென்றது பழைய புல்லட் மோட்டார் சைக்கிள். அதன் ஜாதகத்தைச் சற்று விவரித்தாக வேண்டும். ஏனெனில், பின்னால் வரப்போகும் ஆகாய விமானங்களின் கதைக்கு அதுவே திறவுகோல்.

புல்லட்டின் பிறந்த வீடு இங்கிலாந்திலுள்ள ரெட்டிச் என்னும் ஊர். 1955-ம் வருஷத்தில் ரெட்டிச் கம்பெனியாரும் சென்னை வியாபாரிகளும் கூட்டுச் சேர்ந்து இங்கே ஒரு கம்பெனி தொடங்கினார்கள். ஆரம்பத்தில் உறுப்புகளெல்லாம் கப்பலில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். சென்னைத் தொழிலாளிகள் அவற்றைப் பூட்டுவார்கள். 'பூட்டுவதும் ஒரு தொழிலா?' என்று அக்காலத்தில் கேலி செய்தவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் பூட்டினவர்கள் கழற்றவும் கற்றுக்கொண்டார்கள். கழற்றினவர்கள், தேய்ந்துபோன உறுப்புக்குப் பதிலாக ஒன்றைத் தாங்களே கடைந்து போடக் கற்றுக்கொண்டார்கள். 1960-க்குப் பிறகு சில வருஷங்களுக்குள் முழு வண்டியும் திருவொற்றியூரிலேயே உருவாயிற்று. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி 1970-ம் வருஷத்தை ஒட்டித் தொழிலை நிறுத்திவிட்டது. தாய் மறைந்த பிறகும் மகள் பிழைத்தாள். பிழைத்ததோடு நில்லாமல், 1977-ம் வருஷம் முதல் அந்த இங்கிலாந்துக்கே வண்டிகளை ஏற்றுமதி செய்யவும் தொடங்கினாள்.

ஆகவே, எனக்குக் கீழே தாளம் போட்டுக்கொண்டு வந்த இருதயம் ஒரு காலத்தில் அந்நியருடையது. இன்று ஐயமின்றி நம்முடையது. இந்த மாறுதல் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதால் நேர்ந்தது என்று தேடினால் கிடைக்காது. பட்டறைகளில், எண்ணெய்க் கறை படிந்த கைகளில், கொஞ்சம் கொஞ்சமாக நேர்ந்தது.

செஞ்சியும் செங்கமும்

நெல்லித்தோப்பிலிருந்து இந்திரா காந்தி சதுக்கம் வந்து வடக்கே திரும்பினால் கோரிமேடு. 1954-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதிக்கு முன்னால் இவ்விடத்தில் பிரெஞ்சு ராஜ்யம் முடிந்து இந்திய ராஜ்யம் ஆரம்பமாகும். இன்று இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் உள்ள பேதத்தை மதுக் கடைகளின் பெயர்ப் பலகைகளே அறிவிக்கின்றன. அப்பால் திண்டிவனம். அங்கே சென்னைச் சாலையை விட்டு மேற்கே திரும்பியதும் கடற்கரையின் ஈரம் காற்றிலிருந்து மறைகிறது.

பத்துப் பதினைந்து மைலில் பாறைகள் தலை காட்டுகின்றன. யாரோ ஓர் அரக்கன் கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போனாற்போல, ஒன்றன்மேல் ஒன்றாகக் கருங்கல் உருண்டைகள். அவற்றின் நடுவில் செஞ்சிக் கோட்டை. மூன்று மலைகளையும் ஒரே மதிலால் வளைத்த இந்தக் கோட்டையை 1750-ம் வருஷத்தில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தார் என்பதைப் புதுச்சேரிக்காரர்கள் சற்றுப் பெருமையோடு சொல்லுவது வழக்கம். பதினோரு வருஷம் கழித்து ஆங்கிலேயர் அதைப் பறித்துக்கொண்டதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். இருவருமே நம்மவர்கள் அல்லர் என்பது இரண்டு தரமும் மறந்துபோகிறது.

கீழ்பெண்ணாத்தூரைத் தாண்டும்போதே அருணாசலம் கண்ணில் பட்டுவிடுகிறது. திருவண்ணாமலைக்கு அப்பால் ஜனநடமாட்டம் குறைந்து, நிலம் வறண்டு, சாலை நீளுகிறது. வடக்கே ஜவ்வாது மலை நீலக் கோடாகக் கூடவே வருகிறது. கரம்பு நிலத்தில் பனைகள், மானாவாரி வேர்க்கடலை, சாலை ஓரத்தில் இன்னும் மிச்சமிருக்கும் புளியமரங்கள். செங்கம் என்ற ஊர் இந்த வழியில் ஒரு வாசற்படி போன்றது. மைசூர் மேட்டு நிலத்திலிருந்து கர்நாடக ஸமவெளிக்கு இறங்கும் படைகள் அக்காலத்தில் செங்கத்துக் கணவாய் வழியாகவே இறங்கின. 1767-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஹைதர் அலியும் ஆங்கிலத் தளபதி ஸ்மித்தும் இங்கே மோதிக்கொண்டார்கள். அன்று ஹைதர் பின்வாங்க நேர்ந்தது.

விமானக் கதையில் ஹைதருக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. மைசூர்ப் படைகளின் கீர்த்தி அவற்றின் ஏவு வாணங்களில் இருந்தது. அக்காலத்து ஐரோப்பியர் வாண மருந்தைத் தடித்த அட்டைக் குழாயில் அடைத்து வந்தார்கள். மருந்தை அழுத்தி அடைத்தால் அட்டை வெடித்துவிடும். தளர்த்தி அடைத்தால் வாணம் தூரம் போகாது. மைசூர்க் கொல்லர்களோ இரும்புக் குழாயில் அடைத்தார்கள். இரும்பு அதிக அழுத்தத்தைத் தாங்கும். ஆகவே வாணமும் அதிக தூரம் பாயும். எரிகிற வாயுவை ஒரு குழாய்க்குள் அடக்கிப் பின்னே பீறிடச் செய்து முன்னே பாய்கிற வித்தை இது. ஜெட் விமானத்தின் எஞ்சினுக்கும் இதே தத்துவந்தான் ஆதாரம்.

1799-ம் வருஷத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு ஆங்கிலேயர் அந்த வாணங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். ஊல்விச் ஆயுதசாலையில் வைத்து, பிரித்துப் பார்த்து, அளந்து, நிறுத்து, சுட்டுச் சோதித்தார்கள். காங்கிரீவ் என்பவர் அவற்றைத் திருத்தி அமைத்த வாணங்கள் 1807-ம் வருஷத்தில் கோபன்ஹேகன் நகரைக் கொளுத்தின. பிரித்துப் பார்த்தவன் எஜமானன் ஆனான்; செய்து பழகியவர்களின் பேரப்பிள்ளைகளோ தீபாவளிக்கு மட்டும் வாணம் விட்டார்கள். நம் தொழில் சரித்திரம் முழுவதையும் இந்த ஒரு வாணத்துக்குள் அடைத்துவிடலாம் என்று தோன்றுகிறது.

புளியமரத்துக் கலாசாலை

செங்கத்துக்கு அப்பால் ஒரு டீக்கடை. அதன் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்ட பட்டறை. புளியமரத்தடியில் ஒரு கோணிமேல் யாருடையதோ ஒரு மோட்டார் சைக்கிளின் எஞ்சின் முழுதும் கழன்று கிடந்தது. ஒரு பெரியவர் மேஸ்திரி ஸ்தானத்தில் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பதினெட்டு வயது இருக்கக்கூடிய பையன் உறுப்புகளை மண்ணெண்ணெயில் கழுவி வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

"படிப்பெல்லாம் உண்டா?" என்று கேட்டேன்.

"ஐ.டி.ஐ. முடிச்சிருக்கேன் சார். ஆனா அங்க படம்தான் காட்டினாங்க. இங்க வந்துதான் கழட்டினேன்" என்றான்.

"கழற்றியதைத் திரும்பப் பூட்டத் தெரியுமா?"

மேஸ்திரி குறுக்கிட்டார். "மொத மூணு தடவ தப்பாத்தான் பூட்டினான். அப்புறம் வந்துடிச்சு. தப்பாப் பூட்டாதவன் எவன் சார் மெக்கானிக் ஆனான்?"

பல்கலைக்கழகங்களின் பட்டமளிப்பு விழாப் பிரஸங்கங்கள் பல கேட்டிருக்கிறேன். இந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடான விஷயம் அவற்றில் அகப்பட்டதில்லை.

சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை வழியாகப் போகும்போது வறட்சி இன்னும் கூடுகிறது. ஆஸ்திரேலிய தேசத்தின் உள்நாட்டுக் கட்டாந்தரையைப் பற்றிப் படித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. 1919-ம் வருஷத்தில் பிஷ், மெக்கின்னிஸ் என்ற இரண்டு வாலிபர்கள், லாங்ரீச் என்ற ஊரிலிருந்து வடக்கே, சாலையே இல்லாத அந்தக் கட்டாந்தரையில் ஒரு போர்ட் மோட்டாரை ஓட்டிச் சென்றார்கள். விமானம் இறங்கத்தக்க இடங்களைத் தேடுவதற்காக ஏற்பட்ட பிரயாணம் அது. அந்தத் தரைப் பிரயாணத்திலிருந்தே அடுத்த வருஷத்தில் குவாண்டாஸ் விமானக் கம்பெனி பிறந்தது. 1926 முதல் லாங்ரீச் கொட்டகையிலேயே அவர்கள் சில விமானங்களைக் கட்டவும் செய்தார்கள். ஆகாயத்தில் பறப்பதற்கு முன்னால் தரையில் புழுதி குடித்தாக வேண்டும் என்பது எல்லாத் தேசத்துக்கும் பொது விதி போலும்.

கிருஷ்ணகிரியில் மாம்பழ மண்டிகளைக் கடந்து பெரிய சாலையில் ஏறினால், அப்புறம் லாரிகளின் ராஜ்யம். ஹோசூரின் மோட்டார்த் தொழிற்சாலைகளைத் தாண்டி மாலையில் பெங்களூர் போய்ச் சேர்ந்தேன். மறுநாள் காலையில் காட்சிசாலை.

வால்சந்தின் கனவு

காட்சிசாலையில் இரண்டு முக்கிய கூடங்கள் இருக்கின்றன. முதல் கூடத்தில் 1940-ம் வருஷத்திலிருந்து பத்துப் பத்து வருஷங்களாகப் பிரித்து, படங்களால் சரித்திரம் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சரித்திரத்தின் முதல் மனிதர் வால்சந்த் ஹீராசந்த்.

கப்பல் ஆகட்டும், மோட்டார் ஆகட்டும், 'இந்தியனுக்கு இது ஆகாது' என்று வெள்ளைக்காரர் சொன்ன தொழில் எதுவோ, அதில் கை வைப்பதே வால்சந்தின் சுபாவம். இந்தியாவில் விமானம் கட்டவேண்டும் என்று அவர் தொடங்கியபோது டில்லி சர்க்கார் உற்சாகம் காட்டவில்லை. யுத்த நெருக்கடி முற்றியபிறகே வழி பிறந்தது. திவான் மிர்ஸா இஸ்மாயில் காலத்து மைசூர் ஸமஸ்தானம் நிலமும் கொடுத்து மூலதனத்திலும் பங்கு கொண்டது. பாலி என்ற அமெரிக்கர் யந்திரங்களும் நிபுணர்களும் சேர்த்துக் கொடுத்தார். 1940-ம் வருஷம் டிஸம்பர் 23-ந் தேதி ஹிந்துஸ்தான் ஏர்கிராப்ட் கம்பெனி பதிவாயிற்று. 1941-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஹார்லோ என்ற பயிற்சி விமானம் பெங்களூரில் பூட்டப்பட்டுப் பறந்தது. எட்டே மாதம்!

ஆனால் அடுத்த வருஷம் ஏப்ரலிலேயே கனவு கலைந்தது. ஜப்பானியர் பர்மாவுக்குள் வந்துவிட்ட சமயம். சர்க்கார் வால்சந்தின் பங்குகளை வாங்கிக்கொண்டு நிர்வாகத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டது. பிறகு தொழிற்சாலை அமெரிக்க ராணுவத்தின் பழுது பார்க்கும் சாலையாயிற்று. விமானம் கட்டப் புறப்பட்ட இடத்தில் பிறர் விமானங்களைக் கழுவித் துடைக்க நேர்ந்ததே என்று அன்று பலர் மனம் நொந்திருப்பார்கள்.

நொந்தது நியாயமே. ஆயினும் அந்தத் துரதிருஷ்டத்துக்குள் ஒரு பாக்கியமும் மறைந்திருந்தது. ஆயிரக்கணக்கான இந்தியக் கைகள் அந்த வருஷங்களில் அமெரிக்க எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டின. செங்கத்துப் பையன் கோணிமேல் கற்றதை அவர்கள் கொட்டகைகளில் கற்றார்கள். சுதந்திரம் வந்த நாலாவது வருஷத்தில், 1951-ம் வருஷம் ஆகஸ்டில், டாக்டர் காட்கே என்ற நிபுணரின் தலைமையில் இந்தியர் தாங்களே வரைந்து கட்டிய எச்.டி. 2 என்ற பயிற்சி விமானம் பறந்தது. இந்திய விமானப் படையின் இளைஞர் பலர் பறக்கக் கற்றது அதிலேதான்.

பெயர் புஷ்பகம்

முதல் கூடத்தை விட்டு வெளியே வந்து, வரிசையாக நிற்கும் விமானங்களைப் பார்க்கையில் நெஞ்சம் பூரிக்கிறது. என்ன அழகான பெயர்கள்! புஷ்பக், கிருஷக், பஸந்த், கிரண், அஜீத், மாருத்! குழந்தைகள் இறக்கைக்குக் கீழே ஓடிப் பிடித்து விளையாடுகின்றன. தகப்பனார்கள் கைப்பேசியால் படம் பிடிக்கிறார்கள்.

ஆனால் நாள் முழுவதும் எஞ்சின் சத்தம் கேட்டு வந்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் பிடித்துவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் இருதயம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கத் தோன்றுகிறது. எச்.டி. 2-க்கு இங்கிலாந்து தேசத்து சிர்ரஸ் எஞ்சின். பறக்கும் சங்கங்களுக்காகக் கட்டின புஷ்பக்குக்கு அமெரிக்க காண்டினென்டல் எஞ்சின். வயலுக்கு மருந்து தெளிக்கக் கட்டின பஸந்துக்கும் அமெரிக்க எஞ்சின்தான். கிரணுக்கு இங்கிலாந்து தேசத்து வைப்பர். சேதக், சீதா என்ற ஹெலிகாப்டர்களுக்குப் பிரெஞ்சு எஞ்சின். புதுச்சேரிக்காரர்கள் வேண்டுமானால் இதில் பழைய உறவு கொண்டாடலாம். குபேரனுடைய புஷ்பக விமானத்துக்கு எஞ்சினே தேவையிருக்கவில்லை, நினைத்தால் பறந்தது. நம்முடைய புஷ்பக்கோ அமெரிக்கா நினைத்தால் பறந்தது.

இந்த எஞ்சின்களில் சிலவற்றைப் பெங்களூரிலேயே அனுமதி வாங்கிச் செய்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது பெரிய காரியமே. ஆனால் அனுமதி வாங்கிச் செய்கிறவனுக்கு அளவுகள் தெரியும். அந்த அளவு ஏன் என்பது தெரியாது. சமையற்காரர் எழுதிக் கொடுத்த பக்குவத்தைப் பார்த்துச் சாம்பார் வைக்கலாம். உப்பு மிஞ்சிவிட்டால் என்ன செய்வது என்பது பக்குவத்தில் எழுதியிராது.

மாருத்தின் கதை

மாருத் என்ற எச்.எப். 24 விமானத்துக்கு எதிரில் வெகு நேரம் நின்றேன். வில்லில் தொடுத்த அம்பு போன்ற உருவம். ஜெர்மனியில் பெயர் பெற்ற குர்ட் டாங்க் என்ற நிபுணர் 1956-ம் வருஷத்தில் இந்தியா வந்து, இந்திய எஞ்சினீயர்களைச் சேர்த்துக்கொண்டு வரைந்த விமானம் இது. 1961-ம் வருஷம் ஜூன் 17-ந் தேதி ஸுரஞ்ஜன் தாஸ் என்ற வீரர் இதை முதல் முதலாகப் பறக்கவிட்டார். சப்தத்தின் வேகத்தைப்போல் இரண்டு மடங்கு பறக்கவேண்டும் என்பது நோக்கம். உடல் அதற்கு ஏற்றவாறே அமைந்தது.

இருதயந்தான் அமையவில்லை. 8,000 ராத்தலுக்கு மேல் உந்து விசை தரக்கூடிய ஆர்பியூஸ் எஞ்சின் ஒன்றை இங்கிலாந்தில் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதை நம்பியே மாருத்தை வரைந்தார்கள். நடுவில் இங்கிலாந்துக்காரர்களுக்கு அது வேண்டாததாகிவிட்டது. 'வேலையை முடிக்கிற செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் முடித்துத் தருகிறோம்' என்றார்கள். டில்லி சர்க்கார் பணம் அதிகம் என்று கையை விரித்தது. ஆகவே 4,850 ராத்தல் உந்து விசையுள்ள சிறிய ஆர்பியூஸ் இரண்டை வைத்து மாருத் பறந்தது. பந்தயக் குதிரையின் உடலில் வண்டி மாட்டின் இருதயத்தை வைத்தது போலாயிற்று.

வேறு எஞ்சினுக்காக அலைந்த அலைச்சல் ஒரு புராணம். எகிப்து தேசம் ஒரு எஞ்சின் செய்துகொண்டிருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒரு மாருத்தையே அங்கே அனுப்பினார்கள். 1967-ம் வருஷத்தில் அது எகிப்திய எஞ்சினோடு பறக்கவும் பறந்தது. எகிப்தியர் அந்த முயற்சியைக் கைவிட்டதும் வெறுங்கையோடு திரும்பினோம். கடைசியாக, இருக்கிற ஆர்பியூஸுக்கே பின்புறத்தில் மறுபடி எரிபொருள் பாய்ச்சி வலுவேற்றும் அமைப்பு ஒன்றைப் பெங்களூர் எஞ்சினீயர்கள் செய்தார்கள். அந்த எஞ்சின் பூட்டிய மாருத்தைச் சோதிக்க ஸுரஞ்ஜன் தாஸே ஏறினார். 1970-ம் வருஷம் ஜனவரி 10-ந் தேதி அந்த விமானம் விழுந்து அவர் உயிர் நீத்தார். பெங்களூரில் அந்த வட்டாரத்துச் சாலை ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தினம் அதில் ஆயிரக்கணக்கான மோட்டார்கள் நெரிசலில் நிற்கின்றன. ஒரு எஞ்சினுக்காக இறந்தவரின் பெயரைத் தாங்கிய சாலை என்பது அவற்றில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

மாருத் வீண் போகவில்லை. 147 விமானங்கள் கட்டினார்கள். 1971-ம் வருஷத்து யுத்தத்தில் ராஜஸ்தான் முனையில் அவை திறமையாகப் போரிட்டன. ஆனால் வரைந்தவர்கள் கண்ட கனவு அதுவல்ல.

யாரும் நில்லாத கூடம்

இரண்டாவது கூடத்தில் எஞ்சின்களை நெடுக அறுத்து, உள்ளே இருப்பது தெரியும்படி வைத்திருக்கிறார்கள். வெளியே மாருத்துக்கு முன்னால் ஐம்பது பேர் என்றால் இங்கே ஐந்து பேர். அவர்களிலும் மூன்று பேர் வெயிலுக்கு ஒதுங்கினவர்கள். இந்தக் கூடத்தை அப்படிக் கடந்து போவது பெரும் நஷ்டம்.

ஜெட் எஞ்சினில் காற்றை உறிஞ்சி, அழுத்தி, அதில் எரிபொருளைக் கலந்து எரிக்கிறார்கள். அந்த எரிவாயு பாய்கிற வழியில் சுழலும் தகடுகள் இருக்கின்றன. வாயுவின் உஷ்ணமோ, அந்தத் தகட்டின் உலோகம் உருகத்தக்க உஷ்ணத்தைவிட அதிகம்! உருகவேண்டிய தகடு உருகாமல் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழல்வது எப்படி? தகட்டுக்குள்ளே மயிரிழை போன்ற வழிகள் விட்டு, அவற்றில் குளிர்ந்த காற்றைச் செலுத்துகிறார்கள். உலோகம் முழுவதையும் கற்கண்டு போல் ஒரே படிகமாக வளரச் செய்கிறார்கள். இந்தத் தகடுகளை வார்க்கிற முறை என்ன தெரியுமா? மெழுகில் உருச் செய்து, அதன்மேல் மண்பூச்சுப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவது. சுவாமிமலை ஸ்தபதி நடராஜரை வார்க்கிற அதே முறை!

'ஆகவே எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது' என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. மெழுகு நம்மிடம் இருந்தது. உலோகத்தின் உள்ளிருக்கும் ரகசியத்தை ஐம்பது வருஷம் விடாமல் துருவியவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். நாலைந்து தேசங்களே இந்த வித்தையை முழுவதும் அறிந்தவை. அறிந்தவர்கள் அதை விற்பதில்லை.

நமக்கு இதனால் என்ன என்று கேட்பவர்களுக்கு அண்மைக் கதை ஒன்று இருக்கிறது. தேஜஸ் என்ற நம் போர் விமானம் 2001-ம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி பறந்தது. அதற்காகக் காவேரி என்ற எஞ்சினை நாமே செய்ய 1989-ம் வருஷத்திலேயே உத்தரவாயிற்று. போதிய வலு வராததால் 2008-ம் வருஷத்தில் காவேரியைத் தேஜஸிலிருந்து பிரித்துவிட்டார்கள். ஆகவே அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் எஞ்சின். 2021-ம் வருஷத்தில் 99 எஞ்சின்களுக்குப் புதிதாக உத்தரவு போயிற்று. முதல் எஞ்சின் வந்து சேர்ந்தது 2025-ம் வருஷம் மார்ச் மாதத்தில். அதுவரையில் பெங்களூரில் கட்டி முடித்த உடல்கள், இருதயம் வருகிற நாளை எதிர்பார்த்துக் காத்துக் கிடந்தன. காவேரி என்று பெயர் வைத்ததாலோ என்னவோ, தண்ணீர் திறந்துவிடுகிற அதிகாரம் இன்னொருவர் கையில் போய்விட்டது.

திருகுகளின் விலை

காட்சிசாலைகள் பிரேத சாலைகள் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குக் குரோம்பேட்டையிலிருந்து பதில் கிடைக்கும். ராஜம் என்ற தொழிலதிபர் 1949-ம் வருஷத்தில் அங்கே ஒரு தொழில்நுட்பக் கல்லூரியை ஸ்தாபித்தார். மாணவர்கள் பார்ப்பதற்காக ஓய்ந்துபோன விமானங்கள் இரண்டு அங்கே நின்றன. ராமேசுவரத்திலிருந்து வந்த ஒரு மாணவர், மற்றவர்கள் விடுதிக்குத் திரும்பிய பிறகும் அந்த விமானங்களின் அருகிலேயே நெடுநேரம் உட்கார்ந்திருப்பாராம். அந்த மாணவர் விமானத் துறைப் படிப்பை எடுத்துக்கொண்டு, பெங்களூர் ஹிந்துஸ்தான் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குப் போனார். அங்கே அவருக்குக் கிடைத்த வேலை எஞ்சின்களைப் பிரித்துப் பழுது பார்ப்பது. அவரே பிற்காலத்தில் தேசத்தின் ஏவுகணைகளை உருவாக்கி, 2002-ம் வருஷத்தில் ராஷ்டிரபதியும் ஆன அப்துல் கலாம். பறக்க முடியாத இரண்டு விமானங்கள் ஒரு மனிதரைப் பறக்க வைத்துவிட்டன.

ஆகவே, பெங்களூர் போகிற நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். குழந்தைகளை அழைத்துக்கொண்டு இந்தக் காட்சிசாலைக்குப் போங்கள். மாருத்துக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தோஷம் ஒன்றும் இல்லை. அப்புறம் யாரும் நில்லாத அந்த எஞ்சின் கூடத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள். குழந்தை கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், 'நீதான் கண்டுபிடிக்க வேண்டும்' என்று சொல்லுங்கள்.

வீடு திரும்பிய மறுநாள் பையனோ பெண்ணோ பழைய கடிகாரத்தையும் ஓய்ந்துபோன மாவரைக்கும் யந்திரத்தையும் கழற்றிக் கூடத்தில் பரப்பினால், தயவுசெய்து அடிக்காதீர்கள். திரும்பப் பூட்டும்போது நாலு திருகு மிச்சமாகலாம். யந்திரமும் போய்விடலாம். போகட்டும். மாருத்தின் இருதயத்துக்காக அன்று கொடுக்க மறுத்த பணத்தையும், அதற்காக இன்றுவரையில் கொடுத்துக்கொண்டிருக்கிற பணத்தையும் கணக்குப் பார்த்தால், நாலு திருகுகளின் விலை மிகவும் மலிவுதான்.